சும்மா இருக்கிற லைன்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் என்னிடம் கேட்பது, "சும்மாதானே இருக்கீங்க?" கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் பதிலுக்கு நிற்க மாட்டார்கள். பின்னாலேயே ஒரு வேலை வரும். எதிர்வீட்டுக்கு வரும் கூரியரை வாங்கி வைக்க வேண்டும். நாத்தனார் மகளுக்கு ஜாதகம் பார்க்க சுவாமிமலை வரை துணைக்குப் போக வேண்டும். பக்கத்துத் தெருவில் யார் வீட்டுக்கோ கேஸ் சிலிண்டர் வருகிறது, அந்த வீட்டுச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரரும் கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்று இதே வீட்டில், இதே ஹாலில், ஈஸிசேரில்தான் இருக்கிறார். அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவர் பேப்பர் படிக்கிறாராம்.

இதில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்றும் இல்லை. அக்கம்பக்கம் என்றால் அப்படித்தான். ஆனால் ஒருத்தியின் ஓய்வு நேரத்தைக் காலி மனை மாதிரி, கண்ணில் பட்டவர் எதையும் கொண்டுவந்து கொட்டலாம் என்று நினைக்கிறார்களே, அங்கேதான் என் தொழில்புத்தி முரண்டு பிடிக்கிறது. நான் தொலைபேசித் துறையில் இருந்தவள். ஆபரேட்டராகச் சேர்ந்து, இலாகா பரீட்சை எழுதி, எக்ஸ்சேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியாக வெளியே வந்தேன். என் வேலையில் பாதி, சும்மா இருக்கிற லைன்களைச் சும்மா இருக்கவிடுவதுதான்.

ஆரம்பத்தில் டிரங்க் போர்டு, அதாவது வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துக்கொடுக்கும் பலகை. கும்பகோணத்திலிருந்து மெட்ராஸுக்குப் பேச வேண்டுமென்றால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. லைட்னிங்குக்குக் கட்டணம் எக்கச்சக்கம். சாவுச் செய்தி சொல்கிறவர்கள் புக் செய்வார்கள், அப்புறம் சரக்கு லாரி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் தவிக்கிற பாத்திரக் கடைக்காரர்கள். காதில் ஹெட்செட், கையில் புக் செய்த கால்களைக் குறித்த டிக்கெட்டு, எதிரே சிமிட்டிக்கொண்டிருக்கும் விளக்குகள். "எத்தனை நேரம்மா?" என்று கேட்காதவர் இல்லை.

அங்கே உட்கார்ந்து நான் கவனித்த விஷயம் ஒன்று. லைன்களில் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் காத்திருப்பதே தெரியாது. முக்கால்வாசி ஓடும்போதும் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் கொஞ்சம் கூடினால்கூட டிக்கெட்டுகள் மலைபோல் சேர்ந்துவிடும். நாலு கால் அதிகமாக வந்தால் நாலு காலுக்கு ஆகிற நேரம்தான் கூடும் என்று மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்கு பலிக்காது.

ஏன் என்று பின்னால் பயிற்சி வகுப்பில் படித்தபோதுதான் புரிந்தது. ஒரு டாக்டரை வைத்துச் சொல்கிறேன், எல்லாருக்கும் தெரிந்த வரிசை அதுதான். ஒரு நோயாளிக்குச் சராசரியாக 5 நிமிடம் என்று வையுங்கள். நோயாளிகள் அவரவர் இஷ்டத்துக்கு வருகிறார்கள். ஒருவருக்கு 2 நிமிடம் போதும், இன்னொருவர் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் கொண்டுவந்து பரப்புகிறார். டாக்டரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் வெளியே பெஞ்சில் சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். 90 சதவீதம் என்றால் 45 நிமிடம். 95 சதவீதம் என்றால் 95 நிமிடம், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். நூறு சதவீதம் நிரப்பப் பார்த்தால் வரிசை நீண்டுகொண்டே போகும், முடியவே முடியாது. டாக்டர் உள்ளே 20 சதவீதம் நேரம் பேனாவை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் வெளியே இருப்பவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக முடியும். அந்த 20 சதவீதத்தைப் பார்த்து "இன்னும் நாலு டோக்கன் போடலாமே" என்று தோன்றாத கம்பவுண்டர் பிறக்கவில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் தொடங்கிவைத்தவர் எர்லாங் என்று ஒரு டென்மார்க்காரர். 1878-இல் பிறந்தவர், 1908-இல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தார். அடுத்த வருடமே டெலிபோன் அழைப்புகளை நிகழ்தகவுக் கணக்கில் கொண்டுவந்து கட்டுரை எழுதினார். 1917-இல் அவர் கொடுத்த சூத்திரத்தை வைத்துத்தான் நாங்கள் இங்கே எத்தனை சர்க்யூட், அதாவது எத்தனை லைன், வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் பயிற்சி வகுப்பில் அவரைச் சூத்திரமாக மட்டும்தான் தெரியும். பின்னால் அவரைப் பற்றி ஒரு விஷயம் படித்தேன், அதிலிருந்து மனுஷன் மேல் தனிப் பிரியம். ஆய்வகத்தில் உதவிக்கு ஆள் இல்லாததால் அளவெடுக்கும் வேலைகளையும் அவரே செய்வாராம். ஏணி தூக்கிக்கொண்டு ஒரு தொழிலாளி கூட வர, கோபன்ஹேகன் தெருக்களில் ஒவ்வொரு கேபிள் குழியாக இறங்கி ஏறுவாராம். கணித மேதை குழிக்குள் இறங்கினார் என்பது எங்கள் லைன்மேன்களுக்குத் தெரிந்திருந்தால் பூஜை போட்டிருப்பார்கள். 1929-இல் இறந்துபோனார். பின்னால் டெலிபோன் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க ஓடினால் அது 1 எர்லாங்.

அவருடைய அட்டவணையில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தருகிற பகுதி இதுதான். நூற்றுக்கு ஒரு அழைப்புக்கு மேல் 'லைன் பிஸி' ஆகக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். கைவசம் 100 சர்க்யூட் இருந்தால் 84 எர்லாங் வரை ஓட்டலாம். நூறில் 84 வேலை செய்யும், 16 சும்மா இருக்கும். நியாயமாகத்தான் படுகிறது. சர்க்யூட் 20 என்றால் 12 எர்லாங். 10 என்றால் வெறும் 4.46. அதாவது பத்து லைனில் சராசரியாகப் பாதிக்கு மேல் சும்மா இருக்க வேண்டும். 5 என்றால் 1.36. இரண்டே இரண்டு லைன் என்றால்? 0.15. இரண்டு லைனிலும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் 9 நிமிடப் பேச்சு. மீதி நேரமெல்லாம் இரண்டும் காத்துக்கிடக்க வேண்டும், அப்போதுதான் நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை அவசரத்துக்குக் கிடைக்கும்.

சின்னக் குழுவுக்குத்தான் விகிதாசாரப்படி அதிக இடம் விட வேண்டும். நாம் செய்வது நேர்மாறு. பெரிய ஆபீஸில் ஒருவர் லீவு போட்டால் தெரியாது, இரண்டு பேர் கடையில் ஒருவர் வரவில்லை என்றால் ஷட்டர் பாதி இறங்கிவிடும். ஆனால் அந்த இரண்டு பேர் கடையில்தான் "ஆள் குறைவு, ஒரு நிமிஷம் வீணாக்கக் கூடாது" என்று நாளை நெருக்கிக் கட்டுகிறோம்.

குடும்பத்துக்கும் இதையேதான் சொல்வேன். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் பதினோரு பேர். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அடுப்பு அணையாது. பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவர யாராவது ஒருவர் எப்போதும் கிடைப்பார். நான் நைட் டூட்டி பார்க்க முடிந்ததே அதனால்தான். இன்றைக்கு கணவன், மனைவி, ஒரு பிள்ளை. அட்டவணைப்படி பார்த்தால் இரண்டு லைன் வீடு. அதில் இரண்டு பேருக்கும் வேலை, இரண்டு பேருக்கும் ஒன்றரை மணி நேரப் பயணம். பதினோரு பேர் வீட்டைவிட இறுக்கமாக ஓட்டுகிறார்கள். அப்புறம் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்த அன்று வீடே கவிழ்ந்துவிட்டதாகப் புலம்பினால் எர்லாங் என்ன செய்வார்?

உடனே கூட்டுக் குடும்பப் பெருமை பேசுகிறேன் என்று யாரும் கைதட்ட வேண்டாம். அந்தப் பதினோரு பேர் வீட்டில் சும்மா இருந்த லைன்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் கதை வேறு. என் மாமியார், கணவரை இழந்து வந்து தங்கிவிட்ட அத்தை ஒருவர், கல்யாணம் தள்ளிப்போன நாத்தனார். ஆண்கள் எல்லாம் முழுநேரச் சர்க்யூட்டுகள், அவர்களுக்கு ஓவர்ஃப்ளோ ஆகிற வேலையெல்லாம் இந்த மூன்று பேர் தலையில் விழும். அத்தைக்கு என்று ஒரு மதியம் இருந்ததா என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. கடலை உடைத்துக்கொண்டோ, யாருடைய குழந்தையையோ மடியில் போட்டுக்கொண்டோதான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் நெருக்கடி இல்லாமல் இருந்ததற்கு அத்தையிடம் யாரும் எதையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை என்பதுதான் காரணம். (திண்ணையைப் பற்றியும் எழுதலாம். அதைத் தொட்டால் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் விடுகிறேன்.)

சும்மா இருப்பதைக் காப்பாற்றுவது எப்படி என்று எனக்குக் காட்டியவர் ஒரு லைன்மேன் அண்ணன். எந்த ஊர் என்று வேண்டாம், டெல்டாவில் ஒரு சின்ன ஊர்.

தெருமுனையில் இரும்புப் பெட்டி ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் சினிமா போஸ்டரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் மாறி மாறி ஒட்டியிருக்கும். அதற்குப் பில்லர் என்று பெயர். எக்ஸ்சேஞ்சிலிருந்து மண்ணுக்கடியில் வரும் பெரிய கேபிள் அங்கேதான் பிரிந்து வீடுகளுக்குப் போகும். ஒவ்வொரு டெலிபோனுக்கும் ஒரு ஜோடிக் கம்பி. கேபிளில் இருக்கிற எல்லா ஜோடியையும் இணைப்புக்குக் கொடுத்துவிட மாட்டோம். சிலதை விட்டுவைப்போம். மழைக்காலத்தில் மண்ணுக்குள் ஜாயிண்ட்டில் ஈரம் இறங்கி ஒரு ஜோடி செத்துப்போனால், பில்லரைத் திறந்து நல்ல ஜோடிக்கு மாற்றிவிட்டால் கால்மணி நேரத்தில் டெலிபோன் பேசும். மாற்ற ஜோடி இல்லை என்றால் தெருவைத் தோண்ட வேண்டும்.

ஆனால் அது டெலிபோனுக்கு மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் ஜனங்கள் காத்திருந்த காலம். சிபாரிசுக் கடிதங்கள் கட்டுக்கட்டாக வரும். பில்லரில் ஒரு ஜோடி காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மேலேயிருந்து போன் வந்துவிடும். அந்த அண்ணனைக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "பில்லர்ல ஒரு ஜோடிகூட இல்ல மேடம்."

ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி, ஊரில் இருந்த ஒரே பிரசவ ஆஸ்பத்திரியின் டெலிபோன் செத்துப்போனது. நான் குடையும் டார்ச்சும் பிடிக்க, அவர் பில்லரைத் திறந்தார். உள்ளே கரப்பான்பூச்சிகளும் நூற்றுக்கணக்கான கம்பி நுனிகளும். சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு குட்டி டைரியை எடுத்தார். வருடம் எப்போதோ தாண்டிப்போன உரக்கடை டைரி. விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டி, ஒரு எண்ணில் நிறுத்தி, டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். வெள்ளையும் பச்சையுமாக முறுக்கிய ஒரு ஜோடியைப் பிரித்து, பல்லாலேயே உறையைச் சீவி, பழைய கம்பியைக் கழற்றிவிட்டு மாட்டினார். டெஸ்ட் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "ம், டோன் வந்துருச்சு மேடம்."

"காலையில ஒரு ஜோடிகூட இல்லேன்னீங்களே அண்ணே?"

"காலையில இருக்குன்னு சொல்லியிருந்தா ராத்திரி இருந்திருக்காதே மேடம்."

நான் அதற்குப் பிறகு அந்த டைரியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எனக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் சுறுசுறுப்பானவர். ஒவ்வொரு பில்லராகத் திறக்கச் சொல்லி, ஜோடிகளை எண்ணி, காலியாக இருந்ததையெல்லாம் பட்டியல் போட்டு, காத்திருந்தவர்களுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டார். கூட்டத்தில் பாராட்டினார்கள். அடுத்த மழைக்குப் பழுதுகள் குவிந்தன, வாரக்கணக்கில் டெலிபோன்கள் ஊமையாகக் கிடந்தன. இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. புது இணைப்பு ஒரு ரிஜிஸ்டரில் ஏறும், பழுது வேறொரு ரிஜிஸ்டரில் ஏறும். விட்டுவைத்த இடத்தை நிரப்பினால் வருகிற லாபம் இன்றைக்கே கண்ணில் படுகிறது, நஷ்டம் ஐப்பசியில் வேறு யாரோ ஒருவர் கணக்கில் விழுகிறது. வீட்டிலும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமையை நிரப்புகிறவர் ஒருவர், திங்கட்கிழமை எரிந்துவிழுவது இன்னொருவர் மேல்.

சரி, இடம் விடுவதற்கும் செலவு உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவரிடம் போய் "மழைக்காக ரெண்டு ஜோடி வெச்சிருக்கோம்" என்றால் அவர் சும்மா விடுவாரா? டெல்டாக்காரியான எனக்கு மேட்டூர் 120 அடியைத் தொட்டால்தான் சந்தோஷம், அணையில் இடம் விட்டுவைக்கிறோம் என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போவது நானாகத்தான் இருக்கும். சென்னையில் இருக்கிற மகனுக்கோ 2015 டிசம்பர் வெள்ளம் மறக்காது. செம்பரம்பாக்கம் 24 அடி ஏரி. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது 22 அடியை எட்டியதுமே மதகைத் திறந்தார்கள், அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து கும்பிட்டேன் என்று சொன்னான். ஒரே தண்ணீர்தான், அவனுக்கு இடம் வேண்டும், எனக்கு நிறைய வேண்டும்.

அதேபோல் எல்லா நெருக்கடிக்கும் இடம் விட்டு வாழ முடியாது. மகாமகம் 12 வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. 2004 மார்ச் 6-ஆம் தேதி கும்பகோணத்தில் கால் வைக்க இடமில்லை. அந்த ஒரு நாள் கூட்டத்துக்காக நிரந்தரமாக எக்ஸ்சேஞ்ச் கட்டினால் மீதிப் பன்னிரண்டு வருஷம் அதில் வெளவால்தான் குடியிருக்கும். தற்காலிக லைன் இழுப்பது, முடிந்ததும் சுருட்டுவது, அவ்வளவுதான். நாங்கள் கணக்குப் போட்டது அந்த ஒரு நாளுக்கு இல்லை. தினமும் காலையில் கடை திறந்து எல்லாரும் ஒரே நேரத்தில் டெலிபோனை எடுப்பார்களே, அந்த பிஸி ஹவருக்குத்தான். வீட்டுக்கும் அது போதும் என்பது என் கட்சி. கல்யாணம், சாவு எல்லாம் மகாமகம், அதற்கு ஊரே வந்து நிற்கும். சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு யாரும் வர மாட்டார்கள். செவ்வாய்க்கிழமைக்குத்தான் நாமே இடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கெடாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது. அம்மா உலையில் அரிசி போடும்போது படியால் அளந்த பிறகு ஒரு பிடி சேர்த்துப் போடுவாள். யாராவது வந்தால் சோறு இருக்கும். வரவில்லை என்றால் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையதாகச் சாப்பிட்டுவிடுவோம், கோடையில் அதற்குப் போட்டி வேறு. நான் குக்கரில் வைத்தாலும் அந்த ஒரு பிடியை விடவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை நான் எந்த வேலையும் ஒப்புக்கொள்வதில்லை. வங்கிக்குப் போவது, கூரியர், ஜாதகம் எல்லாம் நாலுக்கு மேல் அல்லது மறுநாள் காலை. கேட்டால் "வேலை இருக்கு" என்று சொல்லிவிடுவேன். உண்மையில் பெரும்பாலும் தூங்குகிறேன். தூக்கம் வராவிட்டால் ரேடியோ. சில மதியங்களில் வாசற்படியில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முதியோர் உதவித்தொகை மனுவை நிரப்பித் தரச் சொல்லி ஒரு பூக்காரம்மா வந்தார். நிரப்புவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மீதி நேரம் மருமகனைப் பற்றிப் பேசினார். எனக்கும் எழுந்து போக எங்கும் அவசரம் இல்லை.

"வேலை இருக்குன்னு பொய்தானே சொல்றே?" என்று என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். லைன்மேன் டைரியைப் பற்றி அவருக்குச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அதுவும் பொய்தான்" என்றார். வங்கிக்காரர், அவர் அப்படித்தான் பேசுவார். தினமும் பணம் முழுவதையும் கடன் கொடுத்துவிட்டா கதவைச் சாத்தினீர்கள் என்று கேட்டேன். மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார்.

மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உழவன் எக்ஸ்பிரஸ்தான். ஓர் உபகதை: ரயில் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எழும்பூரிலிருந்து தாம்பரம் போக ஆகிற நேரத்தைவிட, தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு வரக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். அதே தண்டவாளம், அதே தூரம். வழியில் எங்காவது தாமதமானால் கடைசியில் ஈடுகட்டிக்கொள்ள விட்டிருக்கிற நேரம் அது. எல்லாம் சரியாக ஓடினால் வண்டி முன்கூட்டியே வந்து நிற்கும். "இதெல்லாம் போங்குமா" என்பான் மகன். ராத்திரி முழுக்க ஓடி வந்த வண்டி சொன்ன நேரத்துக்குச் சேர்வதற்கு வேறு என்ன வழி இருக்கிறது என்று அவன் சொல்லட்டும்.

அவன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பேரனுடைய அட்டவணை ஒட்டியிருக்கிறது. மருமகள் எக்ஸெலில் போட்டு, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நிறம் கொடுத்து, லேமினேட் செய்திருக்கிறாள். திங்கள் அபாகஸ் 5 முதல் 6, கீபோர்டு 6.15 முதல் 7. செவ்வாய் நீச்சல். புதன் ஹிந்தி. வியாழன் மறுபடி அபாகஸ். வெள்ளி டிராயிங். சனிக்கிழமை காலை கிரிக்கெட், மாலை சிலம்பம். பையன் இரண்டாம் வகுப்பு. மருமகள் கெட்டிக்காரி, அந்த அட்டவணையில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அதுதான் கவலை.

"திங்கட்கிழமையில கால்மணி இடைவெளி இருக்கே அத்தை" என்றாள்.

"அது ஸ்கூட்டர்ல போற நேரம்மா."

ஒருநாள் ஓ.எம்.ஆரில் மழை, அவள் வர ஏழரை ஆகிவிட்டது. மகனுக்கு ஆபீஸ் கால். பையனுக்கு அன்று பார்த்துப் பல்வலி. பல் டாக்டரிடம் எந்த நாள் போகலாம் என்று இருவரும் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டு அட்டவணையைப் பார்த்தார்கள். எந்தக் கட்டமும் காலி இல்லை. நீச்சலுக்கு மூன்று மாதப் பணம் கட்டியாகிவிட்டது, அபாகஸில் ஒரு வகுப்பு போனால் அடுத்த லெவல் தள்ளிப்போகும். எட்டு வயதுகூட ஆகாத பிள்ளை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். கடைசியில் என்னைக் கேட்டார்கள், அழைத்துப் போனேன்.

வகுப்புகளை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முறை ரயில் டிக்கெட்டே எடுத்துத் தர மாட்டார்கள். ஒரு நாள் சாயங்காலத்தை மட்டும் காலியாக வைத்துப் பாருங்கள் என்றேன்.

"அந்த நேரத்துல என்ன பண்ணுவான்?"

"ஒண்ணும் பண்ண மாட்டான்."

"அப்ப டிவிதான் பார்ப்பான் அத்தை."

"பார்க்கட்டுமே."

என் பேச்சு எடுபட்டது என்று சொல்ல ஆசைதான். நடந்தது வேறு. ஹிந்தி டீச்சர் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டார், புதன்கிழமை தானாகக் காலியானது. முதல் வாரம் மருமகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்புறம் பல் டாக்டரின் அடுத்த சிட்டிங் புதனுக்குப் போனது. பள்ளியில் கேட்ட சார்ட் பேப்பர் வேலை புதனுக்குப் போனது. செவ்வாய் மழையில் விட்டுப்போன நீச்சலை அங்கே பேசிப் புதனுக்கு மாற்றிக்கொண்டாள். அவளுக்கு ஆபீஸில் நேரமாகிற நாளும் புதனாகப் பார்த்து அமைத்துக்கொண்டாள். எதுவும் வந்து விழாத புதன்கிழமைகளில் பையன் பால்கனியில் நின்று கீழே போகும் பஸ்களின் நம்பரை எழுதுகிறானாம். 'அப்பாயி, இன்னைக்கு 51, 99, 102 எல்லாம் வந்துச்சு' என்று போனில் ஒப்பிக்கிறான். எதற்கு என்று கேட்டால் எதற்கும் இல்லை என்கிறான்.

போன வாரம் மருமகளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அவர்கள் குடியிருப்பிலேயே செஸ் வகுப்பு தொடங்குகிறார்களாம். புதன் மாலை 5.30. லிஃப்டில் இறங்கினால் போதும், ஸ்கூட்டர்கூட வேண்டாம், பையனுக்கும் ஆர்வம் இருக்கிறது, சேர்க்கட்டுமா அத்தை என்று கேட்டிருந்தாள். செஸ் நல்ல விளையாட்டுதான், நான் என்ன வேண்டாம் என்றா சொல்வேன்? பல் டாக்டர் சனிக்கிழமை பார்ப்பாரா என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். நீல டிக் விழுந்திருக்கிறது, இன்னும் பதில் இல்லை.